வெளியே பூட்டு, உள்ளே பிள்ளைகள்

எங்கள் தொழிலில் யாரும் எங்களை "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர்கள், கணக்கெடுப்புக்கு வரும் டீச்சர்கள், மீட்டர் பார்க்க வருபவர்கள், கூரியர்காரர்கள் என்று அடுத்தவர் வாசலில் நின்று பிழைக்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம். நாய் பாய்வது, ஜன்னல் இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிவது, "அவர் வீட்ல இல்லை" என்று அவரே சொல்வது, இதெல்லாம் நமக்குப் பொதுவான கஷ்டங்கள். ஒரே ஒரு வித்தியாசம். நீங்கள் எதையாவது கொடுக்கவோ குறித்துக்கொள்ளவோ போகிறீர்கள். நான் சில நாள் அந்த வீட்டுப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு வரப் போகிறேன்.

மயிலாப்பூரில் தமிழும் இங்கிலீஷுமாகப் படித்தவள் நான். இங்கிலாந்தில் ஒரு நகராட்சியின் குழந்தைகள் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, ஐம்பது எட்டிப் பார்க்கிற வயதில் ஊர் திரும்பினேன். இப்போது தி. நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில், ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான அவசர வேலை. திரும்பி வந்த புதிதில் என் கையெழுத்து மாறிவிட்டது என்று வங்கியில் நான் நானே இல்லை என்றார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் போய் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வர எனக்கு வழி இருக்கிறது. சட்டத்தில் அந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் இன்னொரு தடவை படிப்பேன்.

சட்டம் அந்த அதிகாரத்தைச் சும்மா தந்துவிடவில்லை, சுற்றிலும் வேலி போட்டிருக்கிறது. ஆபத்து இப்போதே இருந்தால்தான் எடுக்கலாம். ஏழ்மை ஆபத்து ஆகாது. எடுத்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்த வேண்டும். பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். விடுதி என்பது கடைசி வழி. பெற்றவர்களிடமே வைக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. படிக்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பாருங்கள்.

இனி சொல்லப்போவதெல்லாம் கோடம்பாக்கத்தில் ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி. ஓர் அம்மா, எட்டு வயசில் ஒரு பெண், இரண்டு வயசில் ஒரு பையன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இவர்கள் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாமா, கூடாதா என்று இவர்களைத் தெரியாதவர்கள் தீர்மானிக்க வேண்டி வந்தது. தெரியாதவர்களில் முதல் ஆள் நான்.

மஃப்டியில் போன வினை

குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு பெண் போன் செய்து, மாடி வீட்டில் ஒரு அம்மா இந்தக் கோடை லீவில் தினமும் இரண்டு பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிறாள் என்று சொல்லிவிட்டுப் பேர் சொல்லாமல் வைத்துவிட்டார். நான், என்னோடு வேலை செய்யும் ரெஜினா, போலீஸ் ஏட்டு சுமதி, மூவரும் ஆட்டோவில் போனோம். ரெஜினா சாந்தோமில் பரம்பரையாக டீச்சர்கள் நிறைந்த குடும்பம். தெருவையே வகுப்பறையாகப் பார்ப்பவர். சுமதி சுடிதாரில் வந்திருந்தார். பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது போலீஸ் யூனிஃபார்மில் போகக் கூடாது, பிள்ளை மிரளும் என்பது விதி.

பிள்ளை மிரளவில்லை. தெரு மிரண்டது. "எத்தனை பசங்க, யாரு பாத்துக்கறா" என்று நாங்கள் நாலு பேரிடம் விசாரித்ததுதான் தாமதம், பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று முடிவாகிவிட்டது. ஒருவர் ஆட்டோ சாவியை உருவிக்கொண்டார். ரெஜினா அடையாள அட்டையை நீட்டினார். இதெல்லாம் ஜெராக்ஸ் கடையிலேயே அடித்துத் தருவார்கள் என்று பதில் வந்தது. சுமதி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். யூனிஃபார்மில் ஒருவர் பைக்கில் வந்து சேரும்வரை, தெருக்காரர்கள் இட்லிக் கடை பெஞ்சில் எங்களை உட்கார வைத்துச் சுற்றி நின்று காவல் காத்தார்கள். காவலோடு டீயும் வந்தது.

எனக்குக் கோபமே வரவில்லை. நான் வேலை பார்த்த ஊரில் பட்டப்பகலில் ஒரு குழந்தையைக் காரில் ஏற்றினாலும் எதிர்வீட்டுத் திரைச்சீலை அசையும், கதவு திறக்காது. இங்கே ஒரு தெருவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்காக எங்கள் எதிரில் நிற்கிறது. சந்தேகம் தீர்ந்ததும் இட்லிக் கடை தனம் அக்கா மெதுவாக, போன் செய்ததே தான்தான் என்றார். அப்புறம் ஏன் எங்களைப் பிடித்து வைத்தீர்கள் என்று சுமதி கேட்டதற்கு அவர் சொன்னது:

"போலீஸ்னா போலீஸ் மாரி வரணும். சொந்தக்காரங்க மாரி சிரிச்சிக்கினு வந்தா எவ நம்புவா?"

புதுப் பூட்டு

மாடியில் ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளியே பளபளவென்று ஒரு பெரிய பூட்டு. தட்டினோம். தனம் சொன்ன பேரைச் சொல்லிப் பெண்ணைக் கூப்பிட்டோம். "பவித்ரா, பயப்படாதம்மா" என்று ரெஜினா கதவோடு பேசிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு அசைவு இல்லை. கதவில் காதை வைத்தேன்; ஃபேன் ஓடும் சத்தம்கூட இல்லை. வெளியில் நிற்கும்போதே தலை சுற்றுகிற வெயில். இந்த மாதிரி நேரத்தில் பதில் சொல்லாத குழந்தை மயங்கிக் கிடக்கலாம் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது. சுமதி கீழே மெக்கானிக்கிடம் சுத்தியல் வாங்கி வந்து பூட்டை உடைத்தார்.

உள்ளே நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. துடைத்து வைத்த தரை. இரண்டு பாட்டிலில் தண்ணீர், தூக்கில் எலுமிச்சம்பழ சாதம், சின்ன டப்பாவில் முறுக்கு. சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் பரணில் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தார்கள். ஓரத்தில் அந்தப் பெண் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியின் வாய் மேல் அவள் கை, அழுத்தாமல், பழகிய மாதிரி. இரண்டு பேரும் தெப்பலாக வேர்த்திருந்தார்கள். ஃபேன் இருந்தும் போடவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் எங்களைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள்.

"அது புதுப் பூட்டுக்கா. எங்கம்மாக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது?"

படிக்கட்டில் நடந்த வழக்கு

அம்மா கல்பனா சினிமாக் கம்பெனியில் தையல் வேலை. நடிகர்களின் உடையை அளவு பார்த்துப் பிரித்துத் தைப்பவர். படப்பிடிப்பில் போனை அணைத்து வைத்துவிடுவார்கள் என்று தனம் சொன்னார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அப்பா எங்கே என்று கேட்டதற்குப் பவித்ரா வாயைத் திறக்கவில்லை. அந்தாள் எப்போதாவது வருவான், போவான் என்று தனம் முடித்துக்கொண்டார்.

இங்கிலாந்தாக இருந்தால் நான் ஒரு வக்கீலைக் கூப்பிட்டிருப்பேன், வக்கீல் நீதிபதியைத் தேடிப் பிடித்திருப்பார். இங்கே நானும் ரெஜினாவும் சுமதியும் படிக்கட்டில் நின்றுகொண்டே வழக்கு நடத்தினோம். சுமதி, எடுத்துவிடலாம் என்றார். ரெஜினா, சாப்பாடு இருக்கிறது, வீடு சுத்தமாக இருக்கிறது, அம்மா வரும்வரை இங்கேயே உட்காருவோம் என்றார். அம்மா எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. சின்னவனுக்கு உடம்பு கொதித்தது. பூட்டையும் நாங்களே உடைத்துவிட்டோம். அழைத்துப் போவது என்று நான் முடிவு சொன்னேன். சொன்ன பிறகு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்லித்தான் அழைத்துப் போக வேண்டும். முட்டி போட்டு உட்கார்ந்து, எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், அம்மாவை எப்போது பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னேன். பவித்ரா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கதவை மறுபடி பூட்ட வேண்டும். தனம் தன் கடைப் பூட்டைக் கொண்டு வந்து மாட்டினார். சின்னதாக இருந்ததில் பவித்ராவுக்குத் திருப்தி இல்லை. அம்மா வந்தால் கொடுக்கச் சொல்லித் தனத்திடம் எங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். ஆட்டோவில் சின்னவன் என் மடியிலேயே தூங்கிப்போனான். அவன் எடை முழுக்க என் தொடையில் இருந்தது. கடற்கரைக்கு வந்த குடும்பம் வீடு திரும்புகிற மாதிரி நாங்கள் தெரிந்திருப்போம். ரெஜினா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எடுக்கறது ஒரு நிமிஷ வேலை மேடம். திருப்பிக் கொண்டாந்து விடறதுதான் நம்மள வயசாக்கிடும்."

சத்தம் போடாத பந்து

பெண் ஓர் இல்லத்துக்கு, கைக்குழந்தை மாதிரி இருக்கும் தம்பி வேறோர் இல்லத்துக்கு என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. வயசுக்கு ஏற்ற இடம் என்று அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய நியாயம் என்று ரெஜினா போனிலேயே சண்டை போட்டு, நலக் குழு உறுப்பினர் ஒருவரிடம் அனுமதி வாங்கி, அடையாறில் கன்னியர்கள் நடத்தும் ஓர் இல்லத்தில் இருவரையும் ஒன்றாகச் சேர்த்தார். டாக்டர் பார்த்தார்; வெயில் சூடுதான், தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார்.

மறுநாள் காலையில் நான் போனபோது இல்லத் தலைவி சிஸ்டர் என்னை வாசலிலேயே நிறுத்திக் கூடத்தைக் காட்டினார். அக்காவும் தம்பியும் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து தரையில் படவே இல்லை. கட்டில் மெத்தை மேல் ஒருவர் போட, இன்னொருவர் எடுத்துத் திரும்ப மெத்தை மேலேயே போட்டார்கள். தம்பி ஜெயித்தால் கை தட்டினான், உள்ளங்கைகள் ஒன்றோடொன்று படுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்திவிடுகிற தட்டல். யாரோ ஓர் ஆயா பாத்திரத்தைக் கீழே போட்டாள். இரண்டு பேரும் அப்படியே உறைந்தார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

இரண்டு வயசுப் பிள்ளைக்குச் சத்தமில்லாமல் சந்தோஷப்படச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சொல்லிக்கொடுத்தவளுக்கு எட்டு வயசு. நான் வாசலிலேயே நின்றேன். கோயிலிலும் கடல் முன்னாலும் நிற்கிற மாதிரியான நிற்பு அது. எவ்வளவோ பிள்ளைகளைப் பார்த்திருந்த சிஸ்டர் கிசுகிசுத்தார்:

"அழற பிள்ளைய எனக்குச் சமாளிக்கத் தெரியும். சிரிக்கும்போதே வாயப் பொத்திக்கிற பிள்ளைய என்னம்மா பண்றது?"

அம்மா தலையாட்ட வேண்டும்

நலக் குழு கூடும் இடத்துக்கு எங்களுக்கு முன்பே கல்பனா வந்து உட்கார்ந்திருந்தார். முந்தின ராத்திரி தனம் சொல்லித் தெரிந்ததிலிருந்து கழற்றத் தோன்றவில்லை போல, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கத்துவார், சபிப்பார் என்று நான் தயாராகப் போயிருந்தேன். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்டார். இடது கண்ணுக்குக் கீழே பழைய காயம் ஒன்று மஞ்சள் பூத்திருந்தது.

குழுவின் தலைவி மயிலாப்பூர் மாமி. கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பிள்ளையைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதால் பவித்ராவை உள்ளறைக்கு அழைத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். நான் ஓரமாக நின்றேன். ஏன் சத்தமே போடாமல் விளையாடுகிறீர்கள் என்று மாமி கேட்டார். சொல்லக் கூடாது என்றாள் பவித்ரா. யார் சொல்லக் கூடாது என்றது? அம்மா. அம்மா சொல்லலாம் என்றால்? யோசித்தாள். அம்மா தலையாட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது என்றாள். மாமி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சிலிருந்து கல்பனா தன் பெண்ணைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் தலையாட்டுவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. ஆட்டினார்.

பிறகு பவித்ரா எல்லாவற்றையும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அப்பா குடித்துவிட்டு வருவார். அம்மாவை அடிப்பார், தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்பார். ஒரு தடவை மாடிப்படி வரைக்கும் தூக்கியும் போய்விட்டார். அதனால் வெளியே பூட்டு. பூட்டைப் பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிவிடுவார். ஃபேன் சத்தம் வெளியே கேட்கும், அதனால் போடுவதில்லை. நாங்கள் தட்டியபோதும் அப்பாதான் குரலை மாற்றி ஆள் வைத்துக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாளாம்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த மனிதர் வந்திருக்கிறார். சுத்தியல் பட்டு வளைந்த தாழ்ப்பாளும் சின்னப் பூட்டும் கண்ணில் பட, நெம்பித் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தனம் போனில் சுமதியிடம் சொல்லி அழுதாராம். நாங்கள் உடைத்ததால்தான் அவர் உள்ளே போனார். நாங்கள் எடுத்ததால்தான் உள்ளே பிள்ளைகள் இல்லை. இதில் எதை முதலில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கல்பனாவை உள்ளே அழைத்து உட்கார வைத்து, இதையெல்லாம் முன்பே யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சொன்ன இடத்திலெல்லாம் புருஷன்தானே, பேசித் தீர்த்துக்கொள் என்றார்கள் என்று கல்பனா பதில் சொன்னார். அதற்காகப் பிள்ளைகளைப் பூட்டி வைப்பதா என்று அவர் விடாமல் கேட்டபோதுதான் கல்பனா முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம் பசங்கள நான் உள்ள பூட்டி வைக்கலீங்க. அந்தாள வெளிய பூட்டி வச்சேன்."

யாரை எடுப்பது

அப்படியும் விஷயம் முடியவில்லை. அந்த உறுப்பினர் நல்லவர், அவருக்குப் பயம். அப்பா திரும்பவும் வருவார், இந்த அம்மாவால் தடுக்க முடியாது, பிள்ளைகள் கொஞ்ச காலம் இல்லத்திலேயே இருக்கட்டும் என்றார். கல்பனா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு வரி உத்தரவு எழுதினால் போதும், அவர் கை வெறுங்கையாகிவிடும்.

என்னைக் கேட்டார்கள். நேற்று எடுத்தது நான்தான், அந்த வெயிலில் திரும்ப அப்படி ஒரு கதவு வந்தாலும் எடுப்பேன் என்றேன். ஆனால் நேற்று எங்களுக்குத் தெரிந்த ஆபத்து வேறு, இன்றைக்குத் தெரியும் ஆபத்து வேறு. இந்த ஆபத்துக்குக் காலும் கையும் பேரும் இருக்கிறது, அதைத் தள்ளி நிறுத்த வேறு சட்டமும் இருக்கிறது, பிள்ளைகளை அம்மாவிடமிருந்து பிரித்து அந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்றேன். பெசன்ட் நகர் பக்கம் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்தே தங்கக்கூடிய மகளிர் இல்லம் ஒன்றில் இடம் இருப்பதாக ரெஜினா விசாரித்து வைத்திருந்தார். அப்பா மேல் புகாரை அன்றே பதிவு செய்யவைப்பதாகச் சுமதி சொன்னார்.

பிள்ளைகள் அம்மாவோடு அந்த இல்லத்துக்குப் போகலாம், நாங்கள் தொடர்ந்து போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவானது. கொஞ்ச நாளில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்த மனிதர் இவர்கள் பக்கமே வரக் கூடாது என்றும் தடை வந்தது. கல்பனா எனக்கு நன்றி சொல்லவில்லை. தான் வரும்வரை காத்திருக்க முடியாதா என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. உத்தரவை நீட்டும்போது மாமி அந்த உறுப்பினரைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"பயமுறுத்தறவன் வெளியில ஜம்முனு சுத்திண்டிருப்பான், பயந்துண்டிருக்கற கொழந்தைகளை நாம கொண்டுபோய் அடைக்கணுமா? நன்னாருக்கே நியாயம்."

ஒரு புகார்

இப்போது கல்பனா கே.கே. நகரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்திலேயே தையல் கடையில் வேலை. பள்ளி விட்டதும் பவித்ரா தம்பியையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போய்விடுகிறாள். வீட்டு ஓனர் ஜாமீன் கேட்கிற மாதிரி விவரம் கேட்டதால், ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிடுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

போன வாரம் கூப்பிட்டார். அவர் பேரைப் பார்த்ததுமே கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். அந்த ஆள் வந்துவிட்டானா என்றேன். அதெல்லாம் இல்லை மேடம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பின்னால் தடதடவென்று ஏதோ ஓடும் சத்தம், ஒரு வீறிடல், அதற்கு மேல் இன்னொரு வீறிடல்.

"கேக்குதா? பெரியவ கத்தறா, சின்னவன் அதுக்கு மேல கத்தறான், அவங்கம்மா அடக்காம சிரிச்சிக்கினு நிக்குது. இதுக்கு உங்க சட்டத்துல ஏதாவது இருக்குதா மேடம்?"

புகார் வந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. இந்த ஒரு புகாருக்கு மட்டும் நான் இன்னும் செருப்பைக்கூட மாட்டவில்லை.